பிறர் பாடிய எட்டுப் பாட்டுகள்

அந்தக் குறுந்தகட்டில் எட்டுப் பாட்டு. எட்டும் மற்றவர்கள் பாடிப் புகழ்பெற்றவை. எட்டுக்கும் கிட்டார் வாசித்தது நான். அதனால் அது தோற்றபோது எனக்கு வந்த எரிச்சலில் பாதியை என்மேலேயே காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

பாடியவர் எங்கள் கடற்கரைக்காரர். எல்லோருக்கும் அவர் அக்காதான். வலை இழுக்கும் பாட்டையும் நடவுப் பாட்டையும் எலக்ட்ரிக் கிட்டார், டிரம்ஸ் சேர்த்து மேடையில் முழங்கி, வெளிமாநிலம் வரை பெயர் வாங்கியவர். கரை திரும்பாத ஒரு வள்ளத்தைப் பற்றி அவரே எழுதிய பாட்டு, அப்போது ஊரில் பாதிப் பேருக்குக் காலர் ட்யூன். வளைகுடாவிலிருந்து கூப்பிடுகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் அம்மாவிடம் பேசுவார்கள்.

ஒருநாள் பயிற்சிக்கு வந்தவர், சின்ன வயதில் ரேடியோவில் கேட்ட சினிமாப் பாட்டுகளைத் தன் குரலில் பதிவுசெய்யப் போவதாகச் சொன்னார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து, அந்த மெட்டுகளைக் கழற்றி எங்கள் தாளத்தில் பூட்டிப் பார்த்தேன். நாகர்கோவிலில் ஐந்து நாள் ஒலிப்பதிவு. முதல் பாட்டுக்கு நான் பத்து நொடி வாசித்திருப்பேன். அக்கா காதிலிருந்து ஹெட்போனை எடுத்தார்.

“மக்கா, இது என்னது?”

“நம்ம ஸ்டைல்க்கா.”

“நம்ம ஸ்டைல் வேண்டாம். பழசுல எப்படி இருக்கோ அப்படியே வாசி.”

“அப்படியே வாசிக்கதுக்கு நாம எதுக்கு? ஜனங்க பழசையே கேட்டுக்கிடுவாங்களே.”

“நீ வாசி, மக்கா.”

வாசித்தேன். ஐந்து நாளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசித்தேன். அக்காவுடையது காற்றை எதிர்த்துக் கூப்பிடப் பழகிய குரல். அந்த மெல்லிய பாட்டுகளுக்குள் அது, தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடக் கூடாதே என்பதுபோல நடந்தது. ஒரு பாட்டிலாவது கத்துங்களேன் என்று மனதுக்குள் நான் கத்திக்கொண்டிருந்தேன்.

தகடு வந்தது. கொட்டாரம் கடைத்தெருவில் எங்களுக்குத் தெரிந்த கடைக்காரர் முகப்பில்தான் வைத்தார். இரண்டே வாரத்தில் அது பக்திப் பாட்டுகளுக்குப் பின்னால் போய்விட்டது. பழசை அப்படியே வாசிக்கிற கல்யாண வீட்டுக் கச்சேரி போல இருக்கிறது என்று ஒரு பத்திரிகை எழுதியது. நான் சொன்னதையேதான் அவர்களும் சொன்னார்கள். ஆனாலும் ஆத்திரம் வந்தது.

அடுத்த மாதம் தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஒரு தேவாலயத் திருவிழா. புதிய தகட்டின் பாட்டுகள் மட்டும்தான் என்று அக்கா முன்பே சொல்லிவிட்டார். மூன்றாவது பாட்டு முடியும்போதே கூட்டத்தில் சலசலப்பு. “வள்ளப் பாட்டு பாடுங்கக்கா!” என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல். அக்கா சிரித்துவிட்டு நாலாவதை ஆரம்பித்தார். விசில் கிளம்பியது. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. நாலாவது முடிந்ததும், யாரையும் கேட்காமல், வள்ளப் பாட்டின் முதல் வரியைக் கிட்டாரில் எடுத்தேன். கூட்டம் ஆர்ப்பரித்தது. டிரம்ஸ்காரர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சேர்ந்துகொண்டார். அக்கா மைக்கைத் தாழ்த்திப் பிடித்து அப்படியே நின்றார். எல்லாச் சரணத்தையும் ஜனங்களே பாடினார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. என்னாலோ நிறுத்தவும் முடியவில்லை.

திரும்பும் வழியில் டீ குடிக்க வேனை நிறுத்தியபோதுதான் பேசினார்.

“அந்தப் பாட்டு யாரப் பத்தினதுன்னு ஒனக்குத் தெரியுமா?”

தெரியும். அவருடைய தம்பி போன வள்ளம் அது. அறிவிப்பாளர்கள் அதைச் சொல்லித்தான் பாட்டையே ஆரம்பிப்பார்கள்.

“மேடைக்கு மேடை அவன நான் கடல்ல எறக்கி விடணும். ஜனம் கையடிக்கும். ஒரு வருசம் அடுத்தவங்க பாட்டப் பாடிட்டு சும்மா இருப்போம்னு நெனச்சேன். அதுக்குள்ள ஒனக்குப் பொறுக்கல, இல்லியா?”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேக்கா.”

“நீ கேட்டியா?”

கேட்கவில்லை. ஐந்து நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாசிப்பைப் பற்றி மட்டுமே சண்டை போட்டேன்.

காரணம் தெரிந்ததால் அந்தத் தகடு நல்ல தகடு ஆகிவிடவில்லை. இப்போது கேட்டாலும் நாலாவது பாட்டுக்குமேல் என்னால் உட்கார முடியாது. அதுவும் சேர்ந்துதான் எரிச்சலாக இருக்கிறது.

அதன் பிறகு வந்த நிகழ்ச்சியில், பட்டியலில் வள்ளப் பாட்டை அக்காவே எழுதிக் கொடுத்தார். குழுவை விட்டுப் போகிறேன் என்றேன். “போகாத. வாசி” என்றார். இன்னும் இரண்டு வருஷம் வாசித்தேன். ஒவ்வொரு முறையும் அவர் முழுக் குரலில் பாடினார், ஜனங்கள் கைதட்டினார்கள், நான் கிட்டாரைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.