பறை சாரும் வருவார்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மருந்துக் கடையின் மாடியில் குழந்தைகளுக்குப் பாட்டு வகுப்பு ஆரம்பித்த நாளிலிருந்தே எனக்கு நிம்மதி இல்லை. கீழே ஹாரன் சத்தம், மேலே தகரக் கூரையின் சூடு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான் சொல்லித்தருவது சரிதானா என்று கேட்க ஒருவரும் இல்லை. இசைக் கல்லூரியில் என்னைப் பாடப் பழக்கினார்கள். ஆறு வயதுக் குழந்தையை எப்படிப் பாடவைப்பது என்று யாரும் சொல்லவில்லை.

வகுப்பில் ஒரு சிறுமி வாயே திறக்கமாட்டாள். பிறகு வருவதையும் நிறுத்திவிட்டாள். கடைத்தெருவில் அவள் அம்மாவைப் பார்த்தபோது கேட்டேன்.

"பறை கிளாசுக்குப் போவுது மிஸ். அங்கன்னா நமக்கு முன்னாடி கெளம்பி நிக்குது."

அன்றே சாயங்காலம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊர்க் கடைசிக்குப் போனேன். காலனி சமுதாயக் கூடத்தில் என் வயதுள்ள ஒருவர் பிள்ளைகளை வட்டமாக நிறுத்திப் பறை அடிக்கப் பழக்கிக்கொண்டிருந்தார். பகலில் மொபைல் கடையில் வேலை செய்பவர். அந்தச் சிறுமி தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தாள். சுருதி எங்கேயோ போனது, ஆனாலும் பாடினாள். பொறாமை தாங்காமல் வண்டியைத் திருப்பினேன். அவர் பார்த்துவிட்டார்.

"பாட்டு மிஸ்தான நீங்க? உள்ள வாங்க. நானே வரணும்னு இருந்தன். அடிக்கச் சொல்லித் தந்துர்றன். பாட ஆரமிச்சா ஆளுக்கொரு பக்கம் ஓடுதுங்க. இன்னா பண்றதுன்னே தெரில."

"எங்கிட்ட வந்தா வாயே தொறக்கமாட்டேங்குதுங்க சார்," என்றேன்.

அந்த வாரமே அவர் என் வகுப்புக்கு வந்தார், நான் அவருடையதற்குப் போனேன். கேள்விப்பட்டு, பனமலையில் கீபோர்டு சொல்லித்தரும் இளைஞர் வந்தார். சீயமங்கலத்துப் பக்கம் ஒன்றாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை, சங்கீதமே படிக்காதவர், பிள்ளைகளோடு பாட ஆசைப்பட்டு வந்தார். மாதம் ஒருமுறை கூடினோம். ஒருவர் பாடம் எடுப்பார், மற்றவர்கள் மாணவர்களாக உட்காருவோம். ஆட்கள் சேரச் சேர, இடம் போதாமல் படிக்கட்டில் நின்றார்கள். வாட்ஸ்அப் குழு வந்தது, என் தூக்கம் போனது.

எல்லாருடைய பிள்ளைகளும் சேர்ந்து பாட ஒரு விழா முடிவானது. அப்போதுதான் எங்களில் மூத்த பாட்டு ஆசிரியை போன் செய்தார். எனக்கே நிறையச் சொல்லித்தந்தவர்.

"பறை சார் வரட்டும்மா. பறை மட்டும் வேணாமே. சாவுக்கு அடிக்கறதுன்னு பேரண்ட்ஸ் பேசறாங்க."

"பாக்கறன்க்கா," என்று வைத்துவிட்டேன். அந்தப் பதில் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. வகுப்பில் தாளம் தவறியது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

மறுநாள் பறை சாரே கூப்பிட்டார். "கேள்விப்பட்டன் மிஸ். நான் ஒதுங்கிக்கட்டுமா? உங்களுக்கு எதுக்கு டென்ஷன்?" பலமுறை ஒதுங்கிப் பழகியவர்போல இயல்பாகச் சொன்னார்.

"நீங்க வர்லன்னா நானும் வர்ல சார்."

'பறை சாரும் வருவார், பறையும் வரும்' என்று குழுவில் எழுதினேன். மூத்த ஆசிரியை விலகினார், அவரோடு சிலரும். என் வகுப்பிலும் பிள்ளைகள் குறைந்தார்கள். என் சித்தப்பா தன் பேத்தியை நிறுத்திவிட்டார்.

"ஊர்ல இன்னா பேசறாங்கன்னு தெரியுமா?" என்று கேட்டார் என் அப்பா.

"தெரியும் நைனா."

விழாவன்று கூடத்தில் பாதி நாற்காலிகள் காலி. பின்புறம் வைக்கோலில் தீ மூட்டி, தோல் இறுகப் பறையைக் காய்ச்சும்போது, எல்லா வகுப்புப் பிள்ளைகளும் நெருப்பைச் சுற்றி மொய்த்துக்கொண்டார்கள். எங்கே தீ பட்டுவிடுமோ என்று நான் கத்திக்கொண்டே திரிந்தேன். பிறகு பறை முழங்கியது, பிள்ளைகள் பாடினார்கள். அப்பா வாசல் கேட் பக்கத்தில் கடைசிவரை நின்றிருந்தார். வீட்டுக்கு வந்ததும், "பசங்க நல்லாதான் பாடுச்சுங்க," என்றார்.

அதன்பிறகு எங்கள் கூட்டம் பெருகியது. வந்தவாசிப் பக்கம் தனியாகவே ஒரு கூட்டம் நடக்கிறது. மூத்த ஆசிரியையும் தன் ஆட்களோடு ஒன்று நடத்துகிறார். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், "சாப்டியா?" என்று கேட்பார். அந்தப் பேச்சை இருவரும் எடுப்பதில்லை. புதிதாக வருகிறவர்களில் பலரை எனக்குத் தெரியாது. சங்கமாகப் பதிவுசெய்யலாம் என்கிறார்கள் சிலர், வேண்டவே வேண்டாம் என்கிறார்கள் சிலர். இந்த மாதம் பனமலையில் பாடம் எடுக்க வேண்டியது நான். எதை எடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.