ஒருத்தரும் மௌத்தாகல்ல

பிள்ளைகளே, எங்கள் ஊரில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் என் குரல் கேட்டால் கறி ஆக்குகிறவர்கள் அகப்பையைப் பிடித்தபடி அப்படியே நிற்பார்கள். சைக்கிளில் போகிறவர்கள் ஒரு காலை ஊன்றிக் காது கொடுப்பார்கள். யாராவது மௌத்தானால், அவர் யார், யாருடைய பிள்ளை, எப்போது அடக்கம் என்று ஊருக்கு அறிவிப்பது என் பொறுப்பு. பாங்கு சொல்கிற மோதினார் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாள் அவருக்குப் பதிலாக அறிவித்தேன். குரல் கணீரென்று இருக்கிறது என்று பள்ளி நிர்வாகத்தைப் பார்க்கும் மரைக்கார் சொன்னார். அதோடு அந்த வேலை என்னோடு ஒட்டிக்கொண்டது.

மற்றப்படி நான் கல்முனை பசாரில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். பள்ளிக்கூடத்தைப் பத்தாம் வகுப்போடு விட்டேன். காமிக்ஸை விடவில்லை. இந்தியாவிலிருந்து வரும் தமிழ் காமிக்ஸைச் சொல்லி வைத்து வாங்குவேன். வாசித்து முடித்தால் நெஞ்சு நிறைந்து இருக்கும். ஆனால் அதைப் பற்றிக் கதைக்க ஆள் இல்லை. கடைக் கூட்டாளியிடம் சொன்னால், "தாடி நரைக்கப் போகுது மச்சான், இன்னும் படம் பாத்துக்கிட்டு இரிக்காய்" என்பான்.

எங்கேயாவது என்னைப் போல ஒருவர் இருப்பார், அவருடைய காதுக்கு நான் போய்ச் சேர வேண்டும். அந்த ஆசையில்தான் காமிக்ஸ் விமர்சனத்துக்கென்று ஒரு பொட்காஸ்ட் தொடங்கினேன். கடையின் மேல்மாடிக் களஞ்சிய அறைதான் ஒலிப்பதிவுக் கூடம். நாலு பக்கமும் புடவைக் கட்டுகள் என்பதால் பஸ் ஹோர்ன் சத்தம்கூட உள்ளே வராது. பகல் சாப்பாட்டுக்குக் கடை பூட்டியதும் மேலே ஏறி, போனை ஒரு சாரிக் கட்டின் மேல் சாய்த்து வைத்து வாயைத் திறந்தேன்.

வாயில் வந்தது பழகிய பேச்சுத்தான். "காமிக்ஸ் வாசகர்களுக்கு ஓர் அறிவித்தல். பாலைவனப் பட்டணத்தைச் சேர்ந்த மூத்த குதிரை வீரர் ஒருவர் துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்காகி..." அப்படியே கதையைச் சொல்லி, புத்தகம் நல்லது என்று முடித்து, குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன்.

என் மனைவியின் தங்கை மருதமுனையில் கைத்தறி நெய்கிறவர். தறிக் கூடத்தில் போனைச் சத்தமாகப் போட்டிருக்கிறார். என் குரல் கேட்டதும் தறிகள் நின்றன. எல்லாரும் மௌத்துச் செய்திக்குச் சொல்கிற "இன்னாலில்லாஹி"யைச் சொல்லியிருக்கிறார்கள். மிச்சத்தைக் கேட்காமலே எங்கள் வீட்டுக்குப் போன் எடுத்தார்.

"ராத்தா, மச்சான் ஒரு மௌத்து அறிவிச்சி இரிக்காரே, ஆரு அது? நம்மட சொந்தமா?"

"எனக்குத் தெரியாதே. என்னவாம்?"

"குதிரைக்காரராம். வெடி பட்டிச்சாம்."

"குதிரைக்காரரா? நம்மட பக்கம் ஆருக்கிட்டகா குதிர இரிக்கி?"

பின்னேரத்துக்குள் பசார் முழுக்கத் தெரிந்துவிட்டது. கூட்டாளி கடை வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "மச்சான், ஒண்ட குதிரைக்காரன எந்த மையவாடியில அடக்கின?"

நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் வலித்தது. ஜனாஸாவைப் பற்றி எல்லாரும் கேட்டார்கள். புத்தகத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

குரலை மாற்றிப் பார்த்தேன். ரேடியோக்காரர்களைப் போலத் துள்ளித் துள்ளிக் கதைத்துப் பதிவு செய்து மகளிடம் கொடுத்தேன். அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போனைத் திருப்பித் தந்தாள்.

"வாப்பா, மௌத்தான ஒராள் எழும்பி வந்து சிரிக்கிற மாதிரி இரிக்கி."

"வாயப் பாரு இவட!" என்று அதட்டிய மனைவி, அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி நின்று சிரித்தாள்.

எங்கள் வீட்டு ஆட்களும் போனில் கைதவறித் தொட்டவர்களும்தான் அப்போது எனக்குக் கேட்பவர்கள். தொண்டையை மாற்ற ஏலாது. விட்டுவிடலாம் என்று முடிவெடுத்து, கடைசியாக ஒன்று செய்வோம் என்று மேலே ஏறினேன். வாங்கி வைத்த புத்தகம் ஒன்று மிச்சம் இருந்தது. போனுக்கு முன்னால் உட்கார்ந்தபோது, தறிக் கூடத்தில் பயந்துபோன அந்தப் பெண்களின் நினைவு வந்தது. பயந்தவர்களிடம் முதலில் பயத்தைத்தானே போக்க வேண்டும்?

"அஸ்ஸலாமு அலைக்கும். ஒருத்தரும் மௌத்தாகல்ல. பயப்பிடாமக் கேளுங்க. நான் ஒரு காமிக்ஸப் பத்திக் கதைக்கப் போறன்."

சொன்னதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு, வீட்டில் உங்களைப் போன்ற பிள்ளைகளோடு கதைக்கிற என் சொந்தக் குரல் தானாக வந்தது. ஒலிபெருக்கிப் பழக்கமும் கைகொடுத்தது. அங்கே கேட்பவர் என் முகத்தைக் காண்பதில்லை, ஆகவே ஆளையும் இடத்தையும் முதலில் தெளிவாகச் சொல்ல வேண்டும். காமிக்ஸ் படத்தையும் அப்படியே சொன்னேன். யார் நிற்கிறார், எந்தக் கையில் விளக்கு, கதவுக்குப் பின்னால் யாருடைய நிழல் என்று ஒவ்வொரு கட்டமாகச் சொல்லிப் போனேன். குறையையும் மறைக்கவில்லை. "கடைசிப் பக்கத்துல குதிரைக்கி கால் சரியா வரல்ல. கீறினவரு களைச்சிப் போனாரு போல."

மருதமுனையிலிருந்து மறுபடியும் போன் வந்தது. "மச்சான், இந்தமுற ஒரு தறியும் நிக்கல்ல. கேட்டுக் கேட்டு நெய்தம். அடுத்தது எப்ப?"

விட்டுவிடும் எண்ணத்தையே விட்டேன், ஒவ்வொரு பதிவையும் அதே 'ஒருத்தரும் மௌத்தாகல்ல' என்றே தொடங்கினேன். அவர்கள் மற்றவர்களுக்கு அனுப்பினார்கள், கிடைத்தவர்களும் அனுப்பினார்கள். ஆலையடிவேம்பில் ஓர் ஆசிரியர் வகுப்பில் போட்டுக் காட்டினாராம். பிள்ளைகள் நான் சொன்ன படத்தைத் தாங்களே கீறியிருந்தார்கள். அவற்றைப் படம் எடுத்து அனுப்பினார். குதிரைகள் எல்லாம் எருமைகளாக இருந்தன. அதைவிட அழகான குதிரைகளை நான் கண்டதில்லை. டோஹாவில் லொறி ஓட்டும் சாய்ந்தமருதுத் தம்பி ஒருவர், என்னை அண்ணன் முறை வைத்து, "காக்கா, நீங்க சொன்னது பிழ. அந்த வில்லன் நல்லவன்" என்று நீளமாகச் சண்டை பிடித்தார். அன்று நான் பட்ட சந்தோசம் கொஞ்சமல்ல. கதைக்க ஆள் கிடைத்துவிட்டது!

அந்தச் சமயத்தில்தான் மரைக்கார் கூப்பிட்டு அனுப்பினார்.

"தம்பி, நேத்து நீ ஜனாஸா அறிவிக்கக்குள்ள ரோட்டுல பொடியனுகள் 'ஒருத்தரும் மௌத்தாகல்ல' எண்டு கத்திச் சிரிச்சிரிக்கானுகள். மௌத்து வீட்டாக்கள்ர காதுல அது உழுந்திரிக்கி."

எனக்குத் தலை நிமிரவில்லை. "நான் காமிக்ஸ் பதிவ நிப்பாட்டிர்றன், ஹாஜியார்."

"நிப்பாட்டச் சொல்லல்லயே. ரெண்டும் முட்டாம இரிக்க ஒரு வழி பாரு."

அடுத்த பதிவில் புத்தகத்தை எடுக்குமுன் பிள்ளைகளோடு கதைத்தேன். ஒலிபெருக்கியில் நான் வந்தால் அங்கே ஒரு வீட்டில் உம்மாவோ வாப்பாவோ இல்லாமல் போயிருக்கிறார், அந்த நேரம் அமைதியாக நின்று மௌத்தானவருக்காகத் துஆக் கேட்க வேண்டும் என்றேன். மௌத்து அறிவிக்கும் நாளில் என் பதிவு வெளிவராது என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு தெருவில் ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. சைக்கிளை நிறுத்தித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிற்பதைக் கண்ணால் கண்டேன். ஒரு முறை பதிவு வராதபோது டோஹாத் தம்பி உடனே எழுதினார். "காக்கா, இண்டைக்கி நீங்க வரல்ல. ஊருல ஆரு மௌத்து?"

போன மாதம், கேட்பவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் காண வேண்டும் என்று அந்த ஆசிரியரும் மருதமுனைப் பெண்களும் சேர்ந்து நூலக மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். நாலு பேர் வருவார்கள் என்று நினைத்துப் போனேன். கதிரை போதாமல் பிள்ளைகள் நிலத்தில் இருந்தார்கள். தாடி நரைக்கப் போவதாகச் சொன்ன கூட்டாளி, மடியில் ஒரு காமிக்ஸோடு முன்வரிசையில் இருந்தான்.

மைக்கைக் கையில் எடுத்ததும் எனக்குப் பதற்றம். "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றேன். பள்ளிவாசல் குரலே வந்துவிட்டது. மூலையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் கேத்தலைக் கீழே வைத்தார். "இன்னாலில்லாஹி..."

மண்டபம் முழுக்க ஒரே குரலில் எழும்பியது. "ஒருத்தரும் மௌத்தாகல்ல!"

தேநீர்க்காரர் திடுக்கிட்டுப் போனார். "அப்ப என்னத்துக்கு இவ்வளவு சனம்?"

"காமிக்ஸ் கேக்க!" என்று என் மகள் கத்தினாள்.

நான் புத்தகத்தைத் திறந்து முதல் கட்டத்தைச் சொன்னேன். மழை பெய்கிறது, பாலத்தில் ஒரு பெண் தனியாக நிற்கிறாள், அவள் கையில் இருக்கும் பெட்டி மெல்ல அசைகிறது. மூச்சு வாங்கப் பக்கத்தைப் புரட்டினேன். யாருக்கும் தேநீர் வரவில்லை. மூலையில் அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மறுகா? பெட்டிக்குள்ள என்ன?" என்றார்.