மாகிரட் ரீச்சரின் கையொப்பம்

"இஞ்சேருங்கோ, 'கோப்பைச் சேமி' எண்டால் உங்களுக்கு என்ன விளங்குது?"

குசினி வாசலில் நின்று மாகிரட் ரீச்சர் கேட்கிறார். திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்க்கும் கணவர் லெஸ்லி, மீன் வெட்டுவதை நிறுத்தவில்லை. "கழுவின கோப்பையை எடுத்து வைக்கச் சொல்லுற மாதிரிக் கிடக்கு." ரீச்சர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கணினிக்குத் திரும்புகிறார். ஆங்கில 'சேவ் ஃபைலு'க்கு வைத்த அந்தச் சொல்லுக்கு அன்றோடு ஆயுள் முடிந்தது.

கணினித் திரையில் வரும் ஆங்கிலச் சொற்களைத் தமிழாக்குவது ரீச்சரின் பைத்தியம். யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், சும்மாவே எடுத்துப் பாவிக்கலாம் என்று விட்டிருக்கும் மென்பொருள் அது, திறமூலம் என்பார்கள். பகலில் மாதா கோவில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கிறார், பின்னேரத்தில் இது. கரண்ட் நின்றாலும் எழும்ப மாட்டார். இருட்டில் இருந்தபடி வாயால் மொழிபெயர்த்துக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டுக்காரி நான், ஏன் தனியக் கதைக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "கரண்ட் வரேக்குள்ள மறந்துபோடுவன், தங்கச்சி."

அவருக்கு ஒரேயொரு மனக்குறை. செய்து முடித்ததைத் தானே அனுப்ப வழியில்லை. அந்த மென்பொருளைச் சேர்ந்து செய்கிற கூட்டத்தின் உறுப்பினர் ஒருவரின் மின்கையொப்பம் இருந்தால்தான் எதுவும் உள்ளே போகும். கொழும்பில் இருக்கும் உறுப்பினர் ஒருவர் நேரம் கிடைத்தால் பார்த்து அனுப்புவார். கிடைக்காவிட்டால் ரீச்சரின் சொற்கள் மாதக்கணக்கில் தூங்கும். ரீச்சரின் சொந்தக் கையொப்பம் செல்லுபடியாக வேண்டுமானால், உறுப்பினர் ஒருவரும் அவரும் நேருக்கு நேர் நின்று, ஒருவருடைய அடையாள அட்டையை மற்றவர் பார்த்து உறுதிப்படுத்த வேண்டும். இருவரும் பார்த்தால்தான் கணக்கு.

2007இல், சண்டை நடந்துகொண்டிருந்த நேரம், கொழும்பில் அவர்களுடைய மாநாடு வந்தது. போகவேண்டாம் என்று லெஸ்லி தடுத்தார். "பாதையை எப்ப பூட்டுவாங்களோ தெரியாது. இந்த முறை விட்டால் பிறகு ஏலாது" என்றார் ரீச்சர். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கு, நட, அட்டையைக் காட்டு, பையைத் திற, ஏறு. கந்தளாய் தாண்டுவதற்குள் அதுவே பயணமாகிவிட்டது. ஹபரணையில் யாரும் சொல்லாமலே பைகள் திறந்தன. அங்கே ஒரு சிப்பாய் ரீச்சரின் குறுந்தட்டைத் தூக்கிப் பிடித்து, "படமா, பாட்டா?" என்று கேட்டான்.

"சொல்லுகள், சேர். தமிழ்ச் சொல்லுகள்."

அவன் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டான்.

மாநாடு என்றதும் ரீச்சர் மேடை, குத்துவிளக்கு, மாலை எல்லாம் எதிர்பார்த்திருக்கிறார். பட்டுச் சேலை வேறு. அங்கே பொடியன்கள் செருப்போடு நிலத்தில் சம்மணம் போட்டு இருந்தார்கள். பேசுகிறவரை நினைத்தவர்கள் எல்லாம் இடைமறித்தார்கள். அவரும் பணிஸைக் கடித்துக்கொண்டே பதில் சொன்னார். "பிரதம விருந்தினர் எங்க?" என்று ரீச்சர் என் காதில் கேட்டார். அப்படி ஒருவரும் இல்லைப் போல என்றேன். "அப்ப ஆர் தொடக்கி வைக்கிறது?" அது எப்போதோ தொடங்கிவிட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ரீச்சரும் சேலையைப் பாராமல் நிலத்தில் இருந்து, தமிழ் எழுத்துரு பற்றி யாரோ கேட்டதற்குக் கையை ஆட்டி ஆட்டி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அவ்வளவு சந்தோசமாக இருந்து நான் கண்டதில்லை.

தேநீர் முடிந்ததும் ஒருவர் கையைத் தட்டினார். எல்லோரும் அடையாள அட்டையோடு வாருங்கள், எதிரெதிராக இரண்டு வரிசை என்று ஆங்கிலத்தில் அறிவித்தார்.

ரீச்சரின் முகம் விழுந்துவிட்டது. "ஆமி ஊரை வளைச்சு வரிசையில நிப்பாட்டுற ரவுண்டப் மாதிரிக் கிடக்கு. வாங்கோ தங்கச்சி, போவம்."

"ரீச்சர், இதுக்குத்தானே வந்தனீங்கள்?"

"தெரியும். கால் கேக்குதில்ல."

வாசல்வரைக்கும் போனார். அங்கே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தானாகவே திரும்பி வந்து வரிசையின் கடைசியில் சேர்ந்தார். ஒரு கையில் அட்டை, அதன் பின்னால், கொழும்பில் தங்க வரும் தமிழருக்குப் பொலிஸ் கொடுக்கும் பதிவுத் துண்டு மடித்தபடி. மற்றக் கையில் வாயைப் பிளந்தபடி கைப்பை. அதைத் திறக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

எதிரே வந்தவன் கண்ணாடி போட்ட நெட்டையான சிங்களப் பையன், பழைய உறுப்பினன். ரீச்சரின் அட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், தன் தாளில் சரி போட்டு, நன்றி சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். சோதனை முடிந்தது என்று ரீச்சர் நகரப் போனார்.

"மிஸ், இப்போது நீங்கள் என்னைப் பார்க்கவேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லித் தன் அட்டையை நீட்டினான். படத்தில் கண்ணாடி இல்லை. அதனால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகம் தெரியும்படி நிமிர்ந்து நின்றான்.

ரீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவன் அட்டையை வாங்குவதற்கு அவரிடம் காலியாக ஒரு கையும் இல்லை. தன் அட்டையையும் பொலிஸ் துண்டையும் பைக்குள் போட்டார். சிப்பை இழுத்துப் பையைப் பூட்டினார். பிறகு கையை நீட்டினார்.