மழை நாளில் இறங்கிய சர்க்கரை

முதலில் கைதான் காட்டிக்கொடுத்தது. கேரள எல்லையோரம் குன்னத்துகாலுக்கு மேலே உள்ள சரிவில் ரப்பர் மரம் வெட்டிக்கொண்டிருந்தேன் (பால் வடியப் பட்டையைக் கீறுவதைத்தான் நாங்கள் வெட்டு என்போம்). பதினாறு வருடம் பழகிய கத்தி, பட்டையில் நேராக ஓடாமல் தடுமாறியது. வியர்வை ஊற்றியது, உதடு மரத்தது. அடுத்த வரிசையில் வெட்டிக்கொண்டிருந்த ரோசிலி ஓடிவந்து, சட்டைப் பையிலிருந்த மிட்டாயை என் வாயில் திணித்தாள்.

“எக்கா, கத்திய கீழ போடு. மரத்துக்குப் பதிலா என்ன வெட்டிப் போடுவ போல இருக்கே.”

சர்க்கரை நோய் எனக்கு உண்டென்று தெரிந்து அப்போது ஐந்து மாதம். கூடினால்தான் கேடு என்று நினைத்திருந்தேன். ஹைப்போகிளைசீமியா (ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிப்போவது) என்ற பெயரை அன்று போன்தான் சொன்னது. நடுக்கம் நின்றதும் மரத்தடியில் உட்கார்ந்தபடியே வாயால் கேட்டேன். அதுவும் வாயாலேயே பதில் சொன்னது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். பேசத் தெரிந்தவளுக்கு அது போதும்.

எனக்குப் புரியாதது இதுதான். தினமும் காலையில் வெறும் வயிற்றில் குளுக்கோமீட்டரில் (விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் கருவி) பார்த்து, எண்ணைப் போனிலுள்ள செயலியில் போட்டுவந்தேன். எண் அநேகமாக எப்போதும் கூடுதல். அந்தப் பட்டியலைப் பார்த்து டாக்டர் இரண்டு முறை மாத்திரையைக் கூட்டினார். அடுத்தது இன்சுலின் என்றும் சொல்லியிருந்தார். விடிகாலையில் கூடுதல், எட்டு மணிக்கு நடுக்கம். இது என்ன உடம்பு?

வீட்டுக்காரர் தங்கையன் தீர்ப்பே சொல்லிவிட்டார். “இனி வெட்டுக்குப் போண்டாம். சரிவுல உருண்டு விழுந்தா பெறக்கி எடுக்க ஆள் இல்ல. அந்தப் போனையும் தூக்கி உள்ள வை. இவளுக்க டாக்டரு அதுக்குள்ளயாக்கும் இருக்காரு.”

“வெட்டுக்கும் போவேன். போனும் பாப்பேன். எனக்க உடம்புக்கு என்ன ஆச்சுண்ணு எனக்குத் தெரியண்டாமா?”

அவர் பக்கமும் கொஞ்சம் உண்மை உண்டு. யாரோ போட்ட வீடியோவைப் பார்த்து ஒரு வாரம் பாகற்காய்ச் சாறு குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டவள்தான் நான். அதனால் இந்த முறை அடுத்தவர் சொல்லைத் தேடவில்லை. என் எண்களையே பார்த்தேன்.

செயலி அவற்றைக் கோடாக வரைந்து காட்டும். உயரத்திலேயே ஓடிய கோட்டில் நான்கு இடத்தில் பள்ளம். தேதியைப் பார்த்தால் நான்கும் மழை நாள். மரம் நனைந்தால் வெட்டு இல்லை. மழைக்கும் சர்க்கரைக்கும் என்ன உறவு? ரோசிலியிடம் காட்டினேன்.

“வெட்டு உள்ள நாள் எழும்பினா என்னெல்லாம் செய்வ? வரிசையாச் செல்லு,” என்றாள்.

“கட்டன் சாயா குடிப்பேன், கத்தி தீட்டுவேன், விரலக் குத்துவேன், இறங்குவேன்.”

“மழைண்ணா?”

“நல்லா உறங்குவேன். எழும்பினதும் குத்துவேன். பொறவு கட்டன்…”

சொல்லும்போதே எனக்குப் பிடிபட்டது. வெட்டு நாளில் கட்டன் முதலில், குத்து பிறகு. ரோசிலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “மூணு கரண்டி சீனி கலக்கிக் குடிச்சிட்டு வெறும் வயிறாம்!”

எங்கள் பக்கத்தில் மரம் வெட்டுகிற யாரையும் கேளுங்கள். கட்டன் (பால் சேர்க்காத தேநீர்) சாப்பாட்டில் சேராது. அதைக் குடித்துவிட்டும் “இன்னும் ஒண்ணும் திங்கல்ல” என்போம். டாக்டரிடம் “வெறும் வயிறு” என்று நான் சொன்னதில் துளி பொய் இல்லை. அந்த எண்ணை நம்பிக் கூட்டிய மாத்திரைதான் எட்டு மணிக்குச் சர்க்கரையை இறக்கியிருக்க வேண்டும்.

மாத்திரையை நானாகக் குறைக்கவில்லை, நீங்களும் செய்யாதீர்கள். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய், வராந்தாவில் உச்சிவரை காத்திருந்து, போனை நீட்டினேன்.

“போனில் காணுந்நதெல்லாம் விசுவசிக்கண்டா, சேச்சி,” என்றார் டாக்டர் மலையாளத்தில். போனில் பார்ப்பதையெல்லாம் நம்பக் கூடாதாம்.

“இது போன் சொன்னதில்ல சாரே. எனக்க ரத்தம் சொன்னதாக்கும். இதப் பாத்திட்டும் இன்சுலின் வேணும்ணா எழுதுங்க, குத்துதேன்.”

அவர் கோட்டை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். நடுக்கம் வந்த நாட்களைக் கேட்டார். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எழுதினார். சராசரி அவ்வளவு கூடுதல் இல்லை என்று முடிவு வந்ததும், கூட்டிய மாத்திரைகளை அவரே குறைத்தார். இன்சுலின் பேச்சு நின்றது. கட்டனைப் பற்றித் தானும் கேட்டிருக்க வேண்டும் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை மதிக்கிறேன்.

நோய் போகவில்லை. மாத்திரை உண்டு, விரல்குத்து உண்டு, தங்கையனின் முணுமுணுப்பும் உண்டு. வெட்டும் உண்டு. உங்களுக்கும் இந்த நோய் இருந்தால், எண்ணைக் குறிக்கும்போது அதற்குமுன் வாயில் போன எதையும் சேர்த்துக் குறியுங்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

முன்பெல்லாம் கடைசி மரம் முடியும்வரை உடம்பை இழுத்துக்கொண்டு ஓடுவேன். அதற்குப் பசிக்குமா, தளருமா என்று கேட்டதில்லை. இப்போது பாதித் தோட்டம் முடிந்ததும் உட்கார்ந்து அவித்த பயறு தின்கிறேன்.

“என்னட்டி, மகாராணி மாதிரி இருக்க?” என்று தோட்டத்து முதலாளி மேலிருந்து கத்துவார்.

“பத்து மினிட்டு உண்டு. பொறவு வாறேன்.”

பத்து என்றால் பத்துதான். பயறை ஒவ்வொரு மணியாக மென்று தின்கிறேன்.