கண்ணாடிக்காரரின் நூறு மீட்டர்

கண்ணாடிக்காரர் தன் மச்சானுக்கு இருபது பெரிய நோட்டு கடன்பட்டிருந்தார். நீச்சல் குளத்தில் ஓராண்டுச் சந்தா கட்ட வாங்கிய கடன் அது.

கடைப் பெட்டியில் பணம் இல்லாமல் கை நீட்டினார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெட்டி நிறைய இருந்தது. ஆனால் உள்ளே போனது வெளியே வரக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். கண்ணாடி கொள்முதலுக்கு மட்டும்தான் அது வாயைத் திறக்கும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, யாரோ ஒருவர் கடையில் கண்ணாடி சுமந்து, தானாகப் பார்த்துப் பார்த்தே வெட்டக் கற்றுக்கொண்டு, சொந்தமாகக் கடை போட்டு நிமிர்ந்தவர். அந்தச் சட்டம் இல்லாமல் கடை ஏது, பெயர்ப்பலகை ஏது? அந்த வட்டாரத்தில் எந்த ஜன்னலில் வெயில் பட்டு மின்னினாலும் பாதிக்குமேல் அவர் கை வெட்டியதுதான். அவர் கட்டர் இழுத்த கோட்டை விட்டு ஒரு கண்ணாடியாவது விலகி உடைந்தது என்று சொல்ல ஆள் கிடையாது. இதைத் தானே சொல்லிக்கொள்ள அவர் கூச்சப்பட்டதும் கிடையாது.

கனம் சுமந்த முழங்கால் ஐம்பது வயதுக்கு மேல் வட்டியும் முதலுமாகக் கேட்க ஆரம்பித்தது. தண்ணீரில் இறங்குங்கள் என்றார் வைத்தியர். இறங்கினார்.

குளத்தில் பயிற்சி கொடுக்கும் பெண் கழுத்தில் ஊதலோடு வந்து மரியாதையாகத்தான் கேட்டாள்.

"புதுசா சார்? முதல்ல மூச்சு விடுறதுலருந்து ஆரம்பிக்கலாமா?"

"அதை நான் பொறந்ததுலருந்து விட்டுக்கிட்டுத்தாம்மா இருக்கேன்" என்றார் நம்மாள். "எனக்கு எதையும் யாரும் சொல்லிக் குடுத்ததில்லை. பார்த்தா வந்துடும்."

வந்தது. அதை மறுக்க முடியாது. படிக்கட்டில் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்தே, கையை மாற்றி மாற்றி வீசிப் போகும் நீச்சலைப் பிடித்துவிட்டார். முதலில் குளத்தின் பாதி, பிறகு முழு நீளம், பிறகு போய்த் திரும்பினால் நூறு மீட்டர். வாரத்துக்கு வாரம் வேகமும் ஏறியது. கடைக்கு வருகிறவர்களுக்கு அளவு எடுப்பதற்கு முன்னால் இந்தச் செய்தியைச் சொல்லிவிட்டுத்தான் டேப்பை விரிப்பார்.

திடீரென்று ஒருநாள் நின்றுபோனது. நூறு மீட்டருக்கு இரண்டு நிமிடம் பத்து வினாடி. அடுத்த வாரமும் அதே. அடுத்த மாதமும் அதே. பசை போட்டு ஒட்டியதுபோலக் கடிகார முள் அங்கேயே நின்றது.

மச்சான் என்பவர் மனைவியின் அண்ணன். பக்கத்துத் தெருவில் செருப்புக் கடை. சாயங்காலம் குளத்தின் கரையில் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்து நேரம் பார்ப்பது அவராகவே எடுத்துக்கொண்ட வேலை. கடன் கொடுத்தவர் அல்லவா, பணம் எப்படி நீந்துகிறது என்று பார்க்க வருவார்.

"மாப்ளே, என் கடையில ஒத்தைச் செருப்பு ஒண்ணு கெடக்கு. தண்ணில விட்டா அது உங்களுக்கு முன்னால போய்ச் சேந்துடும்."

"மச்சான், நேரம் பார்க்க வந்தா நேரத்தை மட்டும் பாருங்க."

"அதான் பார்க்குறேனே, மாறவே மாட்டேங்குது. ஒண்ணு பண்ணுங்க. சந்தா முடியுறதுக்குள்ள ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிச்சிட்டீங்கன்னா எனக்குக் கடனே தர வேணாம். முடியலைன்னா கடனைக் குடுத்துட்டு, அந்தப் பொண்ணுகிட்ட போய் சின்னப் பசங்க வரிசைல நின்னு முதல்லருந்து கத்துக்கணும். சம்மதமா?"

பணம் போனால் போகட்டும். சின்னப் பிள்ளைகளோடு பலகையைப் பிடித்துக்கொண்டு காலை உதைப்பதா? யாரிடமும் எதையும் கற்காத மனுஷன் என்று இத்தனை காலம் பேசிய பேச்சு என்னாவது? "சம்மதம்" என்றார்.

அன்று முதல் பலத்தைக் காட்டினார். தண்ணீரை அடித்துத் துவைத்தார். பக்கத்தில் நீந்துகிறவர்கள் வேறு பக்கம் ஒதுங்கிப் போனார்கள். சாயங்காலச் சாப்பாட்டைக் குறைத்தார். தலைமுடியை ஒட்ட வெட்டினார். தொள தொளவென்றிருந்த கால்சட்டையை மாற்றி இறுக்கமாக ஒன்று வாங்கினார். அதைப் பார்த்து மனைவி சிரித்த சிரிப்பில் கடையில் இருந்த கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. முள் மட்டும் அசையவில்லை. ஆனால் குளத்தில் ஒரு மெலிந்த வயசாளி, தூங்குகிறவர் புரண்டு படுப்பதுபோல நீந்தி அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். அது எப்படி?

அந்த "எப்படி" நம்மாளைத் தூங்கவிடவில்லை. கோபம்கூட ஆறிவிட்டது, கேள்வி ஆறவில்லை. தண்ணீருக்கு மேலே பார்த்தால் எல்லாரும் ஒன்றுபோலத்தான் கை வீசுகிறார்கள். அப்படியானால் சூட்சுமம் கீழேதான் இருக்க வேண்டும். கீழே பார்க்க என்ன வழி?

கண்ணாடிக்காரனுக்கா வழி சொல்லித் தர வேண்டும்! நாலு பக்கமும் பலகை அடித்து, அடியில் தடித்த கண்ணாடி பதித்து, ஓரத்துக்குப் பசை பூசி ஒரு பெட்டி செய்தார். தண்ணீர்மேல் அழுத்தி மேலிருந்து குனிந்து பார்த்தால், குளத்தின் அடி வரை பளிச்சென்று தெரிந்தது.

"செல்போன்ல படம் எடுத்தா போதாதாங்க?" என்றாள் மனைவி.

"தண்ணிக்குள்ள விட்டா செல்போன்தான் நீச்சல் கத்துக்கும்."

மறுநாள் மச்சான் கரையில் குப்புறப் படுத்து, பெட்டியைத் தண்ணீரில் அழுத்தி, தலையை உள்ளே விட்டுக்கொண்டார். ஊதல்காரப் பெண் ஓடி வந்து, "சார், மயக்கமா?" என்று கேட்டாள். "இல்லம்மா, சினிமா" என்று பெட்டிக்குள்ளிருந்து பதில் வந்தது.

நம்மாள் போய்த் திரும்பினார். மூச்சு வாங்க, "என்ன தெரிஞ்சுது?" என்றார்.

"மாப்ளே, அந்த மெலிஞ்ச பெரியவர் மூஞ்சிலருந்து சோடா பாட்டில் தொறந்த மாதிரி கொப்புளம் கொப்புளமா வருது. போறவன் வர்றவன் எல்லாருக்கும் வருது. உங்க மூஞ்சில ஒண்ணுமே வரலை. நான் பயந்தே போயிட்டேன். என் தங்கச்சி கதி என்னாகுறதுன்னு."

"அப்புறம்?"

"அவர் கால் மேலயே வருது. உங்க கால் கீழ, மாடிப்படி இறங்கிப் போற மாதிரி போகுது. தலை நீந்துது, கால் நடக்குது."

கால் ஏன் தொங்குகிறது என்பது தெரியவில்லை. ஆனால் கொப்புளத்துக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. காற்றை வீணாக்குகிறார்கள் ஊதாரிகள்! கஷ்டப்பட்டு இழுத்த மூச்சைத் தண்ணீரில் கொட்டுவானேன்? அவர் நெஞ்சு நிறைய இழுத்து, சேர்த்து வைத்துச் செலவழிக்கிறார். அது குறையா? பெருமையல்லவா!

இரண்டு நாள் கழித்து ஓர் ஆளுயர நிலைக்கண்ணாடி வெட்ட வேண்டி வந்தது. மனைவி மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். கட்டரை வைத்து, மூச்சை இழுத்து அடக்கி, ஒரே இழுப்பாகக் கோடு போட்டார். முடித்ததும் "உஸ்" என்று விட்டார். விட்ட பிறகு அப்படியே நின்றார்.

"என்னாச்சு?"

"நான் எப்பவும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வெட்டுறேனா?"

"இதுகூடவா தெரியாது? கல்யாணமானதுலருந்து பார்க்குறேன். கோடு முடியுற வரைக்கும் செத்த பொணம் மாதிரி நிப்பீங்க."

கை நடுங்காமலிருக்கப் பிடித்த மூச்சு. அதே பழக்கம்தான் தண்ணீருக்குள்ளும் கூடவே குதித்திருக்கிறது. அது சரி, அதனால் கால் ஏன் தொங்க வேண்டும்?

கடையில் ஒரு மீன் தொட்டி இருந்தது. புதிதாக ஒட்டியது. ஒழுகுகிறதா என்று பார்க்க விளிம்பு வரை நீர் நிரப்பியிருந்தார். முழ நீளத்துக்கு ஒரு மரச்சட்டத்தை எடுத்தார். கண்ணாடி தூக்கும்போது போடும் ரப்பர் கையுறையை ஊதி முடிச்சுப் போட்டு, சட்டத்தின் முன்பாதியில் அடிப்பக்கமாகக் கட்டினார். அது நெஞ்சு. பின்முனையில் ஒரு போல்ட்டைக் கட்டினார். அது கால். தொட்டியில் விட்டார்.

முன்பக்கம் ராஜா மாதிரி நிமிர்ந்தது. பின்பக்கம் அடிக்குத் தொங்கியது. கையுறையின் ஐந்து விரலும் விரிந்து அவரைப் பார்த்து "போதுமா?" என்று கேட்டன.

முடிச்சைத் தளர்த்திக் காற்றைக் கொஞ்சம் விட்டார். சட்டம் சற்றுப் படுத்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் படுத்தது. இன்னும் சிறிது விட்டபோது நீர் மட்டத்தில் நேராக மிதந்தது.

முகம் பார்க்கும் கண்ணாடிக்கு விலை கேட்க வந்த ஓர் அம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க இது, பொம்மையா?"

"இல்லம்மா" என்றார் கண்ணாடிக்காரர், தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இது நான்."

காரணம் தெரிந்தால் காரியம் முடிந்ததா? மூச்சை விடுவது அவருக்குக் கடைப் பெட்டியைத் தெருவில் கவிழ்ப்பதுபோல இருந்தது. முதல் நாள் மொத்தத்தையும் ஒரேயடியாக விட்டுவிட்டு, மூழ்கி, குடித்து, கண் சிவந்து எழுந்தார். நேரம் இன்னும் கெட்டுப் போனது. "பழைய வேகத்துலயாவது செருப்புக்குப் பக்கத்துல வந்துக்கிட்டிருந்தீங்க" என்றார் மச்சான்.

தண்ணீரில் வராததைத் தரையில் பழகலாம் என்று, வெட்டும்போதே மூச்சை விட்டுப் பார்த்தார். கோட்டை விட்டு விலகி, கண்ணாடி மூலையோடு மூலையாகப் பிளந்தது. அவர் கையில்! கடை வைத்த நாளிலிருந்து முதல் முறையாக!

மனைவி ஓடி வந்தாள். சில்லைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பை விழுங்கினாள்.

"ஏங்க, மூச்சைத் தண்ணியில விடுங்க. கண்ணாடியில வேணாம். ரெண்டுக்கும் வேற வேற கை இல்லையே தவிர, வேற வேற மூச்சு இருக்கலாம்ல?"

அவர் உடைந்த துண்டில் ஒன்றை எடுத்து மறுபடி ஒரு கோடு இழுத்தார். "கிர்ர்ர்" என்று, தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே சன்னமாக ஓடியது சத்தம். அழுத்தினால் உடையும், விட்டுவிட்டால் கோடு விழாது. காதைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி இழுத்தார். மறுபடி கேட்டார்.

அன்று சாயங்காலம் தண்ணீருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைப் போட்டார். மூக்கால், சன்னமாக, அறுந்துபோகாமல். கிர்ர்ர். தலையைத் திருப்பும்போது விட வேண்டிய மூச்சு எதுவும் மிச்சமில்லை. வாயைத் திறந்தால் போதும், காற்று தானாக உள்ளே வந்து விழுந்தது. முன்பு விடுவதற்கும் இழுப்பதற்கும் சேர்த்துத் தலையைத் தூக்கிக்கொண்டு தவித்தாரே, அந்தத் தவிப்பைக் காணவில்லை. பின்னால் காலில் ஏதோ சில்லென்று பட்டது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, அது தண்ணீருக்கு மேலே வந்துவிட்ட அவர் குதிகாலில் பட்ட காற்று.

சந்தாவின் கடைசி நாள் வந்தது. மனைவியும் வந்திருந்தாள். மச்சான் பெட்டியோடும் கடிகாரத்தோடும் படுத்துக்கொண்டார். நம்மாள் சுவரை உதைத்துக் கிளம்பினார். போனார், திரும்பினார், வந்து சுவரைத் தொட்டார்.

"எவ்வளவு?"

பெட்டிக்குள்ளிருந்து தலை வெளியே வரவே இல்லை. "மாப்ளே, என்னமா வருது தெரியுமா கொப்புளம்! முத்து முத்தா, வரிசையா..."

"நேரம் எவ்வளவு மச்சான்?"

மச்சான் கடிகாரத்தைப் பார்த்தார். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த மறந்துவிட்டார்.

"அண்ணே!" என்று கத்தினாள் தங்கை. "வேணும்னுதானே?"

"உன் தலைமேல சத்தியமா இல்லம்மா! பார்த்துக்கிட்டே இருந்துட்டேன்!"

குளத்தை மூடும் நேரம் நெருங்கியது. மறுபடி நீந்த வேண்டும். கையில் பலம் இல்லை, அடித்துத் துவைக்கத் தெம்பு இல்லை. இந்த முறை ஊதல்காரப் பெண்ணே நேரம் பார்க்கிறேன் என்றாள். கண்ணாடிக்காரர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "பாரும்மா" என்றார்.

பலம் இல்லாததால் அவசரமும் இல்லை. கிர்ர்ர் என்ற கோட்டை மட்டும் அறுக்காமல் இழுத்துக்கொண்டு போனார். கண்ணாடிபோல் தண்ணீர் இரண்டாக விலகி வழிவிட்டது. மெலிந்த வயசாளி பக்கத்து வரிசையில் கொஞ்ச தூரம் கூடவே வந்தார், பிறகு பின்னால் போய்விட்டார்.

சுவரைத் தொட்டார். ஊதல் ஒரு முறை கீச்சென்றது.

"ஒரு நிமிஷம் ஐம்பத்தெட்டு சார்."

மனைவி துண்டை எடுத்து அவர் தலையில் போட்டாள், அந்தத் துண்டுக்குள்ளேயே ஏதோ திட்டினாள், அது பாராட்டு. நம்மாள் மூச்சு வாங்கி முடித்து, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"அன்னைக்கு மூச்சு விடுறதுலருந்து ஆரம்பிக்கலாம்னு சொன்னியே. அங்கதாம்மா ஆரம்பிக்கணும். நானே கண்டுபிடிச்சேன்."

"சரிங்க சார்" என்றாள் அவள். சிரிக்காமல் சொன்னாள் என்பதற்காகவே அவளுக்கு நல்ல கண்ணாடி ஒன்று இலவசமாகக் கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதை அப்போதைக்கு அடக்கிக்கொண்டார்.

வெளியே குளத்து வாசலோரத்தில் மூவரும் நின்றார்கள். மச்சான் பெட்டியைத் துடைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "ஜெயிச்சிட்டீங்க மாப்ளே. கடன் தீர்ந்துது. பெட்டியை மட்டும் நான் வச்சுக்குறேன்."

"கடன் எப்படித் தீரும்? பந்தயம் வேற, கடன் வேற. காசுக்காக நீந்துனான்னு நாளைக்கு ஒருத்தன் என்னைச் சொல்லக் கூடாது."

"அதெல்லாம் வேணாம்..."

"கையை நீட்டுங்க மச்சான்."

கடைப் பெட்டியிலிருந்து காலையிலேயே எடுத்து வந்திருந்தார். எடுத்தபோது மனைவி வாயைப் பிளந்தாள். ஜெயித்தாலும் தோற்றாலும் கொடுப்பது என்று அப்போதே முடிவு. பிளாஸ்டிக் உறையிலிருந்து நோட்டுக் கட்டை உருவினார். விரலில் இன்னும் குளத்து ஈரம்.

மச்சான் ஒருமுறை தங்கையைப் பார்த்தார், பிறகு கூச்சப்படாமல் உள்ளங்கையை விரித்தார். கண்ணாடிக்காரர் ஒவ்வொரு நோட்டாக வைத்து வாய்விட்டு எண்ணினார், ஒவ்வொன்றுக்கும் சன்னமாக மூச்சை விட்டபடி. இருபது முடிந்தது. கை அங்கேயே நின்றது. உறையிலிருந்து இன்னும் ஒன்றை உருவி மேலே வைத்தார்.

"இது எதுக்கு மாப்ளே?"

"கொப்புளம் பார்த்த கூலி. இருபத்தொண்ணு. எண்ணிக்குங்க."