வயிற்றை மூடிய பட்டுத்துண்டு

சில மாதம் முன்பு ஒரு பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தீர்களே, அன்னதானம் வாங்கிச் சாப்பிட்ட பிளாஸ்டிக் தட்டை எங்கே போட்டீர்கள்? நினைவில்லையா? கிரிவலப் பாதையோரத்து அடி அண்ணாமலை ஊர்க் கன்னியம்மாள் வளர்த்த செவலைப் பசு அதைத் தேடிக் கண்டுபிடித்தது. சாம்பார் வாசனைக்குத் தட்டைத் தின்றது, சோறு ஒட்டிய பையைத் தின்றது, கடைசியில் வயிறு ஊதிச் செத்தது.

கால்நடை மருத்துவர் வயிற்றைக் கிழித்தபோது கன்னியம்மாளின் மகள் சிந்துஜா பக்கத்தில் நின்றாள். சென்னையில் சிற்பம் படித்தவள். திருவண்ணாமலையில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு மயிலும் மாம்பழமும் வரையச் சொல்லிக்கொடுத்துச் சலித்திருந்தவள். உள்ளேயிருந்து வந்த பிளாஸ்டிக் மூட்டையை மருத்துவர் குழியில் தள்ளப்போனார்.

"சார், அத எனக்குக் குடுத்துடுங்க."

"பைத்தியமாடி உனக்கு? நாத்தம் கொடல புடுங்குது" என்றாள் கன்னியம்மாள்.

சிந்துஜா அதைக் கழுவிக் காயவைத்தாள். கம்பியை வளைத்து ஒரு பசுவைக் கட்டினாள். பாதையில் பொறுக்கிய பைகளும் தட்டுகளும் அதற்குத் தோலாயின. வயிற்றின் ஒரு பக்கத்தை மட்டும் திறந்து விட்டு, செவலையின் வயிற்றிலிருந்து எடுத்ததையே உள்ளே அடைத்தாள். நடையாய் நடந்து, ஒரே ஒரு பௌர்ணமிக்குப் பாதையோரம் வைக்க அனுமதி வாங்கினாள். 'இது எங்கள் செவலை. நீங்கள் போட்ட தட்டு இதன் வயிற்றில் இருக்கிறது' என்று கழுத்தில் பலகை மாட்டினாள். வருகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று அந்த வயிற்றைப் பார்க்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

பிற்பகலில் ஒரு குடும்பம் நின்றது. சிந்துஜா ஓரடி விலகி வழிவிட்டாள். அந்த அம்மாள் பசுவின் பின்புறத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கணவர் திறந்திருந்த வயிற்றுக்குள் ஒரு நாணயத்தைப் போட்டார். பின்னால் வந்தவர்களுக்கு அது போதும். குங்குமம் வந்தது, பூமாலை வந்தது. பூவுக்குள் பலகை மறைந்தது. "ஐயோ, கொடலு தெரியுதே, பாவம்" என்று யாரோ ஒரு புண்ணியவதி பட்டுத்துண்டைப் போர்த்தி வயிற்றையும் மூடினாள்.

சிந்துஜா துண்டை உருவினாள். இன்னொருத்தி மறுபடி போர்த்தினாள். பக்கத்து டீக்கடை விமல்ராஜ் அதற்குள் கற்பூரத் தட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, இது சாமி இல்ல. குப்பை!"

"குப்பையோ கோமாதாவோ, ஜனங்க கும்புடுறாங்க. உனக்கு இன்னாம்மா வலிக்குது?"

"கற்பூரம் வேணாம்ணே. எல்லாம் பிளாஸ்டிக்கு, புடிச்சிக்கும்."

"சாமிக்குக் காட்டுனா புடிக்காதும்மா. நீ ரொம்பப் படிச்சிட்ட, அதான் பயம் ஜாஸ்தி."

பிடித்தது. பட்டுத்துண்டின் நுனியில் ஏறிய தீ வயிற்றுக்குள் புகுந்து, முதுகைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. கரும்புகை மூக்கை எரித்தது. சிந்துஜா குடத்துத் தண்ணீரோடு ஓடினாள். கூட்டம் அவளை விடவில்லை. "கோமாதா ஜோதியாயிட்டா!" என்று ஒரு குரல் எழுந்தது. கைகள் குவிந்தன, செல்போன்கள் உயர்ந்தன. எதிரே அன்னதான வண்டி நின்றிருந்தது. வாங்கிய பொங்கலைத் தின்றபடியே வேடிக்கை பார்த்தார்கள். தின்று முடித்ததும் தட்டுகளைக் காலடியில் போட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

தீ அணைந்த பிறகு கன்னியம்மாள் வந்து பார்த்தாள். வளைந்த கம்பியும், நாணயங்கள் ஒட்டிக்கொண்ட கரிய கட்டியும்தான் மிச்சம்.

"நம்ம மாட்ட ரெண்டாவது வாட்டியும் சாவடிச்சிட்டாங்கடி."

சிந்துஜா அந்தக் கட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்தாள். மறுபடி அனுமதி கேட்டுப் போகவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்குப் போய் மயில் வரையச் சொல்லிக்கொடுத்தாள். அந்தக் கட்டி அவள் வீட்டு வாசலில் கிடக்கிறது. அதற்கும் யாரோ பொட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அடுத்த பௌர்ணமிக்கும் வருவீர்கள். வீட்டிலிருந்து ஒரு தட்டைக் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக்கில் தருகிற சோற்றை, எந்தப் புண்ணியவான் தந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த வாசலைக் கடக்கும்போது கும்பிட வேண்டாம். குனியுங்கள், காலடியில் கிடப்பதைப் பொறுக்குங்கள்.