கணவாய்க்கா, ஏரிக்கா

மலேசியாவின் கோலா கங்சாரில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து சைக்கிளை எடுத்தால் போவதற்கு இரண்டு பக்கம்தான். மேற்கே பாடாங் ரெங்காஸ் தாண்டினால் புக்கிட் பெராப்பிட் கணவாய். வடக்கே போனால் செண்டெரோ ஏரி. நெடுஞ்சாலை வந்த பிறகு கணவாயின் பழைய சாலையில் வண்டிகள் குறைந்துவிட்டன. வளைவுகளில் குரங்குகள் நிதானமாக உட்கார்ந்து நம்மைப் பார்க்கும். நாம் மூச்சு வாங்குவதில் அவற்றுக்கு என்ன சுவாரசியமோ தெரியவில்லை.

ஏரிப் பக்கம் ஏற்றம் குறைவு, ஆனால் நடை உண்டு. கரையோரம் சைக்கிளைப் பூட்டிவிட்டு, பழைய ரப்பர் தோட்டத்துப் பாதையில் மேலே ஏறுவோம். தோட்டத்தில் பாதி எண்ணெய்க்கான செம்பனையாகிவிட்டது. மீதியில் வெட்டாமல் விட்ட பால்மரங்கள் நிற்கின்றன. உச்சியில் நின்றால் ஏரி முழுவதும் தெரியும். பத்து நிமிடம் பார்ப்போம், இறங்கிவிடுவோம். அதில் தத்துவம் எதுவும் எனக்குக் கிடைத்ததில்லை. பசிதான் கிடைத்திருக்கிறது.

நாங்கள் என்றால் நானும் மச்சானும். மச்சான் என் மனைவியின் அண்ணன். ஈப்போவில் பள்ளி பஸ் ஓட்டுகிறார், மனைவியை இழந்தவர், தனியாக இருக்கிறார். சனிக்கிழமை மாலை சைக்கிளைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். ஞாயிறு காலை இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார். இடுப்பில் ஒரு பை கட்டுவார். அதில் கைப்பேசி, குளுக்கோஸ் மிட்டாய், நாலு பேரீச்சம்பழம். சர்க்கரை திடீரென்று இறங்கினால் அந்த மிட்டாய்தான் அவருக்கு உயிர். இரண்டு ஜோடி சப்பாத்தை எங்கள் வீட்டிலேயே வைத்திருக்கிறார். கணவாய்க்கு, பெடலில் மாட்டிக்கொள்ளும் சப்பாத்து. ஏரிக்கு, நடப்பதற்கான கான்வஸ் சப்பாத்து.

எந்தப் பக்கம் போகிறோம் என்று என் மனைவி கேட்டதே இல்லை. கிளம்புகிறவரிடம் எங்கே என்று கேட்கக் கூடாது, அவர்கள் வீட்டில் அப்படித்தான். வாசல் தாண்டியவரைப் பின்னாலிருந்து கூப்பிடவும் கூடாது. தவறிக் கூப்பிட்டுவிட்டால், போனவர் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். இதையெல்லாம் நான் நம்புகிறவன் இல்லை. ஆனால் கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம் 'எங்கே போறீங்க' என்ற கேள்வியே இல்லாமல் வாழ்ந்தவன் அதைப் பற்றி ஏன் வாய் திறக்கப் போகிறேன்?

ஒரு ஞாயிறு எனக்கு முழங்கால் வீங்கியிருந்தது. முந்தின இரவே மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். எழுந்தபோது மணி எட்டு. மனைவி கேட்டோரம் நின்றுகொண்டிருந்தாள். கையில் மச்சானின் பை.

"இது ஏன் இங்க இருக்கு?"

"மறந்துட்டாரு. நாற்காலிமேல கெடந்துச்சு."

"எத்தன மணிக்குப் போனாரு?"

"ஏழு இருக்கும். திரும்பி வருவாருன்னு பாத்துக்கிட்டே நிக்கிறேன்."

"நீ எப்பப் பாத்த?"

"அவரு கேட்ட தாண்டுறப்ப."

"அப்பவே கூப்பிட்டிருக்கலாம்லா."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அறிவிருக்கா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவளுக்குப் பதினோரு வயதில், வேலைக்குக் கிளம்பிய அப்பாவை, மழைச்சட்டையை விட்டுவிட்டுப் போகிறாரே என்று பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கிறாள். அவர் திரும்பி வந்து வாங்கிக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல் மோட்டார் சைக்கிளில் போனார். அன்று மரலாரி மோதி இறந்துபோனார். நீ கூப்பிட்டதால்தான் என்று அவள் அம்மா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தே கேட்டேன்.

ஊசி போட்டுக்கொண்டு இரண்டு தோசையோடு ஒரு மணி நேரம் மிதித்த மனிதர். கையில் மிட்டாயும் இல்லை, போனும் இல்லை. எந்தப் பக்கம் என்றும் தெரியாது. போன மூன்று வாரமும் ஏரிக்குப் போயிருந்தோம். இந்த வாரம் கணவாயாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டு, பையை எடுத்துக்கொண்டு காரை மேற்கே விட்டேன்.

பாடாங் ரெங்காஸில் நாங்கள் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையில் நிறுத்தினேன். கடைக்கார மலாய் அம்மாள் இன்று உன் கூட்டாளியைப் பார்க்கவே இல்லையே என்றாள். கணவாய் ஏறும்போது அந்தக் கடையில் நிற்காமல் தாண்டிப் போகிற ஆள் இல்லை மச்சான். இருந்தாலும் பார்த்துவிடலாம் என்று மேலே ஏறினேன். மூன்றாவது வளைவில் போன் அடித்தது.

"பெடல்ல மாட்டுற சப்பாத்து இங்கதான் இருக்கு. கான்வஸ்தான் இல்ல," என்றாள் மனைவி. "ஏரிக்குத்தான் போயிருக்காரு. திரும்புங்க."

முதலிலேயே சப்பாத்தைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அறிவைப் பற்றிப் பேசியவன் நான்.

ஏரிக்கரையில் சைக்கிள் வழக்கமான மரத்தில் பூட்டியிருந்தது. பாதையில் ஏறினேன். முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் கத்தியது. கொஞ்ச தூரத்தில் ஒரு பால்மரத்தடியில் மச்சான் உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது. கண் என்மேல் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"யாருடா நீ? என் சைக்கிளத் தூக்க வந்தியா?"

வாடா போடா என்று அவர் என்னை ஒருநாளும் பேசியதில்லை. மிட்டாயை வாயருகில் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பினார். தாடையைப் பிடித்து உள்ளே தள்ளினேன். என் விரலைக் கடித்தார். பிறகு மிட்டாயையும் கடித்தார். இரண்டாவதை அவரே வாங்கிக்கொண்டார். மூன்றாவதுக்குக் கை நீட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால்மணி நேரம் போயிருக்கும்.

"மாப்ள," என்றார். "நீங்க எப்ப வந்தீங்க? முட்டி வலின்னீங்களே."

ரொம்பப் பயந்துபோயிருந்தேன். இப்போதுதான் வந்தேன் என்று சொல்லிவிட்டுப் பேரீச்சம்பழத்தைக் கொடுத்தேன்.

வீட்டில் மனைவி அழவில்லை. சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள். கேட்டோரம் நடந்ததை அவளே அண்ணனிடம் சொன்னாள். மச்சான் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

"கூப்பிட்டிருந்தா என்ன? வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போயிருப்பேன். அவ்வளவுதான லா."

"அப்பா குடிக்கல," என்றாள்.

மச்சான் மோர் கேட்டார், கொண்டுவந்து வைத்தாள்.

டாக்டர் ஊசியின் அளவைக் குறைத்தார். ஒரு மாதம் சைக்கிள் வேண்டாம் என்றார். மச்சான் மூன்று வாரம் பொறுத்தார். நாலாவது ஞாயிறு சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். என் முழங்காலும் சரியாகியிருந்தது. இருவரும் கிளம்பினோம். பையை இடுப்பில் கட்டியிருக்கிறாரா என்று நானே தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கேட்டைத் தாண்டி, சாலையில் காலை ஊன்றி ஏறி, நாலு மிதி மிதித்திருப்போம்.

"அண்ணே."

பின்னாலிருந்துதான். இத்தனை வருடத்தில் வாசல் தாண்டிய யாரையும் அவள் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மச்சான் பிரேக்கைப் பிடித்தார். திரும்பிப் பார்த்தோம். கேட்டருகில் நின்றிருந்தாள். கையில் ஒரு சொம்பு. கையோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் கொண்டுவந்து போட்டிருந்தாள்.

"என்னம்மா, எதையும் விட்டுட்டேனா?"

"ஒண்ணும் விடல," என்றாள். "எந்தப் பக்கம் போறீங்க?"

மச்சான் தங்கையைப் பார்த்தார். சைக்கிளைத் திருப்பி உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சொம்பை வாங்கி, ஒரு வாய் அல்ல, முழுவதையும் குடித்தார்.

"ஏரிக்கு," என்றார்.